காமன்ஸ் சபையின் உடை ஒழுங்கும் அவைக்கூட வெப்பநிலையும்

காமன்ஸ் சபை என்பது இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் கூடும் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் கீழவை ஆகும். இச்சபையில் உறுப்பினர்கள் எவ்வாறு உடுத்தி வர வேண்டும் என்பது பற்றி நெடுங்கால வழக்கங்கள் உள்ளன. அவைக்கூடத்தின் வெப்பநிலையையும் காற்றோட்டத்தையும் சீராக வைத்திருக்கும் முயற்சிகளும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக நடந்து வருகின்றன. இவ்விரண்டும் தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றினாலும் ஒன்றையொன்று சார்ந்தவை. உறுப்பினர்கள் கோட்டு அணிந்தே அமர வேண்டும் என்று விதி இருந்தால், அவர்களுக்கு ஏற்றவாறு அறையைக் குளிர்விக்க வேண்டும். அறையை அவ்வாறு குளிர்வித்தால், கோட்டு அணியாதவர் குளிரில் நடுங்குவார். ஆகவே அறையின் வெப்பநிலையை எந்த அளவில் வைப்பது என்ற கேள்வி, யாருடைய உடையை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்வியாகவும் ஆகிறது.

இக்கட்டுரை காமன்ஸ் சபையில் இவ்விரு பொருள்களின் வரலாற்றையும், உடைக்கும் வெப்பநிலைக்கும் உள்ள அறிவியல் தொடர்பையும், சப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகளின் நடைமுறைகளையும் விளக்குகிறது.

அவைக்கூடம் வெப்பமடைவது ஏன்?

அமைதியாக அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. இது பழைய 100 வாட் குண்டு விளக்கு ஒன்றை எரிய விடுவதற்கு ஒப்பாகும். காமன்ஸ் சபையில் உறுப்பினர் எண்ணிக்கை 650. ஆனால் அவைக்கூடத்தில் உள்ள இருக்கைகள் 427 மட்டுமே. எல்லா இருக்கைகளும் நிரம்பினால் உறுப்பினர்களின் உடலிலிருந்து மட்டும் ஏறத்தாழ 43 கிலோவாட் வெப்பம் வெளிப்படும்.

நம் வீடுகளில் பொருத்தப்படும் ஒன்றரை டன் குளிரூட்டி ஒன்று ஏறத்தாழ 5.3 கிலோவாட் வெப்பத்தை அகற்ற வல்லது. ஆகவே அந்த மனித வெப்பத்தை வெளியேற்ற மட்டும் இத்தகைய எட்டுக் குளிரூட்டிகள் வேண்டும். விளக்குகள், பார்வையாளர் மாடத்தில் இருப்போர், செய்தியாளர்கள், ஒளிபரப்புக் கருவிகள் ஆகியவற்றின் வெப்பம் இதில் சேரவில்லை. மூச்சுக்காற்றிலும் வியர்வையிலும் வெளியேறும் ஈரப்பதமும் கரியமில வாயுவும் வேறு உள்ளன.

நாடாளுமன்ற அவைக்கூடத்திற்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. பள்ளி வகுப்பறையில் நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் மாணவர் இருப்பர். அவைக்கூடத்திலோ ஒரு மணி நேரம் முப்பது பேர் இருப்பர். முக்கியமான வாக்கெடுப்பு அல்லது பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம் வந்தவுடன் சில நிமிடங்களில் ஐந்நூறு பேர் நுழைவர். முப்பது பேருக்கு ஏற்ற காற்றோட்டம் ஐந்நூறு பேருக்குப் போதாது. ஐந்நூறு பேருக்கு ஏற்ற காற்றோட்டம் முப்பது பேருக்குக் குளிர்காற்றாக வீசும். இச்சிக்கலே அவைக்கூடத்தில் பணியாற்றிய பொறியாளர்கள் அனைவரையும் வருத்தியது.

காற்றோட்டத்தின் வரலாறு

புனித ஸ்டீபன் சிற்றாலயம்

16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1834 வரை காமன்ஸ் சபை புனித ஸ்டீபன் சிற்றாலயத்தில் கூடியது. வழிபாட்டிற்காகக் கட்டப்பட்ட ஒடுங்கிய அக்கூடம் மெழுகுத்திரி வெளிச்சத்தில் இரவு நெடுநேரம் நடந்த கூட்டங்களுக்கு ஏற்றதாக இல்லை. வெப்பக்காற்று மேலே எழுந்து வெளியேறும்படி 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கூரையில் துளைகள் அமைத்தார். 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜான் டெசாகுலியர்ஸ் என்ற அறிவியலாளர் கையால் சுழற்றும் பெரிய காற்றுச் சக்கரம் ஒன்றைக் கூரைமேல் நிறுவினார். அவையிலிருந்த கெட்ட காற்றை அது உறிஞ்சி வெளியேற்றியது.

இக்காற்றுப்போக்கி எதிர்பாராத வேறொரு பயனையும் தந்தது. 1778 இல் பெண்கள் பார்வையாளர் மாடத்திலிருந்து விலக்கப்பட்டனர். அதன்பின் விவாதங்களைக் கேட்க விரும்பிய பெண்கள் கூரைக்கும் உள்கூரைக்கும் இடையில் உள்ள பரணில் ஏறி, காற்றுப்போக்கியின் துளைகள் வழியே கீழே நடப்பதைப் பார்த்தனர். எழுத்தாளர் மரியா எட்ஜ்வொர்த் அவ்வாறு பார்த்தவர்களுள் ஒருவர். கீழே எரியும் மெழுகுத்திரிகளின் புகையும், அவையின் வெப்பமும் நேரே அவர்கள் முகத்தில் வந்து மோதின. அவையிலிருந்து கழிக்கப்பட்ட காற்றே அவர்களுக்குக் கிடைத்த இடமாக இருந்தது.

1834 தீ விபத்து

1834 அக்டோபர் 16 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி எரிந்தது. இவ்விபத்துக்கும் வெப்பமூட்டலே காரணம். கருவூலத்தில் பழங்காலக் கணக்குகளைக் குறிக்கப் பயன்பட்ட மரக்குச்சிகள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. அவற்றை அழிக்க எண்ணி, பிரபுக்கள் சபையைச் சூடேற்றும் உலைகளில் நாள் முழுவதும் போட்டு எரித்தனர். புகைக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சூடாகித் தீ பரவியது.

டேவிட் பாஸ்வெல் ரீடு

தீ விபத்துக்குப் பின் காமன்ஸ் சபை தற்காலிகக் கூடம் ஒன்றில் கூடியது. அதன் காற்றோட்டத்தைச் சீரமைக்கும் பணி எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவரும் வேதியியல் ஆசிரியருமான டேவிட் பாஸ்வெல் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. 1836 இல் அவர் அமைத்த முறை பின்வருமாறு செயல்பட்டது:

1. வெளிக்காற்று கட்டடத்தின் அடித்தளத்திற்குள் இழுக்கப்பட்டு, துணித்திரை வழியே வடிகட்டப்பட்டது.
2. குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய்களால் அக்காற்று சூடேற்றப்பட்டது. தேவைக்கேற்பச் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கப்பட்டன.
3. தரையில் இடப்பட்ட எண்ணற்ற சிறு துளைகள் வழியாகவும், அவற்றின்மேல் விரித்த குதிரைமயிர்க் கம்பளம் வழியாகவும் காற்று மெல்ல மேலே எழுந்தது.
4. உள்கூரையின் திறப்புகள் வழியே கெட்ட காற்று வெளியேறி, கட்டடத்திற்கு வெளியே நின்ற உயரமான புகைபோக்கியை அடைந்தது. அப்புகைபோக்கியின் அடியில் எரிந்த நெருப்பே இம்முழு ஓட்டத்தையும் இழுத்தது.

அவையைத் திறப்பதற்கு முன் 62 பாரன்ஹீட் (ஏறத்தாழ 17 செல்சியசு) அளவுக்குச் சூடேற்றி, கூட்டம் நடக்கும்போது 63 முதல் 70 பாரன்ஹீட் (17 முதல் 21 செல்சியசு) வரை வைத்திருப்பது ரீடின் வழக்கம். உறுப்பினர் எண்ணிக்கை மாற மாற, ஒரே இரவில் பலமுறை காற்றின் அளவும் வெப்பமும் மாற்றப்பட்டன. இன்று உணர்கருவிகளும் கணினியும் செய்யும் வேலையை அன்று வெப்பமானியைப் பார்த்துப் பணியாளர்கள் செய்தனர்.

குறிப்பிடத்தக்க செய்தி என்னவெனில், இந்த 17 முதல் 21 செல்சியசு என்ற அளவு, கனமான கம்பளிக் கோட்டும் உள்கோட்டும் அணிந்த ஆண்களுக்கு ஏற்ற அளவாகும். அவையில் வேறு எவரும் அமர இடமில்லாத காலம் அது.

புதிய அரண்மனை

புதிய அரண்மனையைக் கட்டும் பொறுப்பு கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரிக்குக் கிடைத்தது. அதன் காற்றோட்டப் பணிக்கு ரீடு 1840 இல் அமர்த்தப்பட்டார். காற்றுப் பாதைகளுக்கென ரீடு கேட்ட இடம் மிகப் பெரியது. இன்று அரண்மனையின் நடுவில் காணப்படும் நடுக்கோபுரம், கெட்ட காற்றை வெளியேற்றுவதற்காக ரீடின் திட்டப்படி சேர்க்கப்பட்டதாகும். இருவருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் பூசல் நடந்தது, கட்டுமானமும் தாமதமானது. 1852 இல் புதிய அவைக்கூடம் பயன்பாட்டுக்கு வந்தபோது உறுப்பினர்கள் காற்றோட்டம் பற்றிக் குறை கூறினர். அதே ஆண்டில் ரீடு பணியிலிருந்து நீக்கப்பட்டார். எனினும் லிவர்பூல் நகரில் 1854 இல் திறக்கப்பட்ட புனித ஜார்ஜ் மண்டபத்தில் அவருடைய முறை சிறப்பாகச் செயல்பட்டது. நவீன காற்றுப் பதனத்தின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் இன்று மதிக்கப்படுகிறார்.

ரீடுக்குப் பின் கோல்ட்ஸ்வொர்தி கர்னி என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். அவர் எதிர்கொண்ட பெருஞ்சோதனை 1858 கோடையில் வந்தது. அக்காலத்தில் இலண்டன் நகரின் கழிவுநீர் அனைத்தும் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. கடும் வெயிலில் ஆறு நாற, அதன் கரையிலேயே அமைந்த நாடாளுமன்றத்தில் அமர்வதே அரிதாயிற்று. இந்நிகழ்வு 'பெரும் நாற்றம்' என வரலாற்றில் அழைக்கப்படுகிறது. சன்னல் திரைகளைக் குளோரைடு சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பயன் இல்லை. சன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்ட கழிவுநீர்த் திட்டத்திற்கான சட்டம் 1858 ஆகஸ்ட் 2 அன்று நிறைவேறியது. ஜோசப் பசால்கெட் என்ற பொறியாளர் அத்திட்டத்தைச் செயற்படுத்தினார். ஆற்றங்கரை ஏழைகள் பல ஆண்டுகள் சுவாசித்த காற்றை, சட்டம் இயற்றுவோரும் சுவாசிக்க நேர்ந்த பின்னரே தீர்வு விரைந்தது.

பெண்கள் மாடமும் கம்பித் தட்டியும்

புதிய அரண்மனையில் பெண்களுக்கெனத் தனி மாடம் கட்டப்பட்டது. ஆனால் உறுப்பினர்களின் கண்ணில் அவர்கள் படாதவாறு அதன் முன்புறம் கனத்த உலோகத் தட்டி பொருத்தப்பட்டிருந்தது. பார்வையை மறைத்த அத்தட்டி காற்றையும் தடுத்தது. அம்மாடம் இருளும் புழுக்கமும் நிறைந்ததாக இருந்தது. 1908 அக்டோபர் 28 அன்று வாக்குரிமைப் போராளிகளான முரியல் மேட்டர்ஸ், ஹெலன் பாக்ஸ் ஆகிய இருவர் அத்தட்டியோடு தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு முழங்கினர். தட்டியைப் பெயர்த்தே அவர்களை வெளியே கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. 1917 இல் தட்டிகள் நீக்கப்பட்டன. 1919 டிசம்பரில் நான்சி ஆஸ்டர் அவையில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

1950 இன் அவைக்கூடம்

1941 மே 10 இரவில் நடந்த செருமானியக் குண்டுவீச்சில் அவைக்கூடம் முற்றிலும் அழிந்தது. அதை மீண்டும் பழைய அளவிலேயே கட்ட வேண்டும் என்று பிரதமர் சர்ச்சில் வலியுறுத்தினார். எல்லா உறுப்பினர்க்கும் இருக்கை இருந்தால் பெரும்பாலான நேரம் அவை வெறிச்சோடித் தோன்றும் என்பது அவர் கருத்து. ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த இன்றைய அவைக்கூடம் 1950 அக்டோபர் 26 அன்று திறக்கப்பட்டது. இதில் நவீன காற்றுப் பதன வசதி இணைக்கப்பட்டது. இருக்கைகள் போதாமை வேண்டுமென்றே ஏற்கப்பட்ட முடிவு. ஆகவே முக்கிய நாள்களில் நெரிசலும், நெரிசலால் விளையும் வெப்பமும் அவ்வடிவமைப்பிலேயே அடங்கியுள்ளன.

உடை வழக்கத்தின் வரலாறு

காமன்ஸ் சபைக்கு எழுதப்பட்ட சீருடை என ஒன்று என்றும் இருந்ததில்லை. காலத்திற்கேற்ற கனவான் உடையே எதிர்பார்க்கப்பட்டது. அது பொருத்தமானதா என முடிவு செய்யும் உரிமை சபாநாயகருக்கு உரியது. பொருத்தமற்ற உடையில் வந்தவரைப் பேச அழைக்காமல் விடுவது சபாநாயகரின் கையில் உள்ள கருவி.

தொப்பி. 19 ஆம் நூற்றாண்டில் உறுப்பினர்கள் அமர்ந்திருக்கும்போது தொப்பி அணிவர். பேச எழும்போது கழற்றுவர். வாக்கெடுப்பு நடக்கும்போது ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப விரும்புபவர் மட்டும் இதற்கு மாறாக, அமர்ந்தபடி தலையை மூடிக்கொண்டே பேச வேண்டும். தொப்பி அணியும் பழக்கம் நாட்டில் மறைந்த பின்னும் இவ்விதி மறையவில்லை. அதற்காகவே மடக்குத் தொப்பி ஒன்று அவையில் வைக்கப்பட்டிருந்தது. 1998 இல்தான் இவ்வழக்கம் கைவிடப்பட்டது.

தொழிலாளர் உடை. 1892 இல் தெற்கு வெஸ்ட்ஹாம் தொகுதியில் வென்ற சுரங்கத் தொழிலாளர் தலைவர் கெயிர் ஹார்டி, கறுப்பு நீள்கோட்டும் பட்டுத் தொப்பியும் அணிந்தோர் நடுவே சாதாரணக் கம்பளி உடையிலும் வேட்டைக்காரர் அணியும் வகைத் தொப்பியிலும் வந்தார். செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதின. தொழிலாளர் அணியும் துணித்தொப்பியை அவர் அணிந்து வந்தார் என்ற கதையும் பின்னர் பரவியது.

பொய்முடி. 1992 இல் முதல் பெண் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெட்டி பூத்ராய்டு, மரபான பொய்முடியை அணிய வேண்டாம் என முடிவு செய்தார். அவை எழுத்தர்கள் பொய்முடி அணியும் வழக்கம் 2017 இல் நீக்கப்பட்டது.

கழுத்துப்பட்டி. 2017 சூனில் சபாநாயகர் ஜான் பெர்கோ, ஆண் உறுப்பினர்களுக்குக் கழுத்துப்பட்டி (டை) கட்டாயமில்லை என்றும், அலுவலுக்கு ஏற்ற உடை போதும் என்றும் அறிவித்தார். 2021 செப்டம்பரில் சபாநாயகர் லிண்ட்சே ஹாயில் வெளியிட்ட நடத்தை விதிகள் இதைச் சற்று இறுக்கின. ஆண்கள் கோட்டு அணிய வேண்டும். கழுத்துப்பட்டி அணிவது ஊக்குவிக்கப்படுகிறது. ஜீன்ஸ், விளையாட்டு உடை போன்றவை ஏற்றவையல்ல என அவை கூறின.

2022 வெப்ப அலை. 2022 சூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 செல்சியசு வெப்பம் பதிவானது. அந்நாட்டில் வெப்பம் 40 செல்சியசைத் தாண்டியது அன்றே முதன்முறை. அந்த வெப்ப அலையின்போது அவைக்குள் கோட்டு இல்லாமல் வரச் சபாநாயகர் இசைவளித்தார். கோட்டு வேண்டும் என்ற விதி எழுத்தில் வந்து ஓராண்டு நிறையுமுன்னரே வெயில் அதைத் தளர்த்தியது.

உடையும் வெப்பநிலையும்: அறிவியல் விளக்கம்

ஓர் அறையில் இருப்பவர் வெப்பத்தை எவ்வாறு உணர்கிறார் என்பது ஆறு காரணிகளைப் பொறுத்தது. காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள சுவர், கூரை முதலியவற்றின் வெப்பக்கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய நான்கும் அறையைச் சார்ந்தவை. உடையும் உடலுழைப்பும் ஆளைச் சார்ந்தவை. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே பாங்கர் இவ்வாறு காரணிகளையும் இணைத்து, எத்தனை பேர் நிறைவடைவர் என்று கணிக்கும் முறையை உருவாக்கி 1970 இல் நூலாக வெளியிட்டார். உலகெங்கும் அலுவலகங்களுக்கான வெப்பநிலைத் தரங்கள் இதை அடிப்படையாகக் கொண்டுள்ளன.

உடை எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்பதை அளக்கும் அலகு 'குளோ' எனப்படும். 1941 இல் அமெரிக்க, பிரித்தானிய உடலியல் அறிஞர்கள் இதை அறிமுகப்படுத்தினர். 21 செல்சியசு அறையில் அமைதியாக அமர்ந்திருப்பவருக்கு வசதியான உடையின் தடுப்பாற்றல் 1 குளோ. அதாவது அக்காலத்து ஆண்களின் முழு கோட்டு உடையே இவ்வலகின் அளவுகோல். உடை இல்லாத உடல் 0 குளோ.

நடைமுறைத் தரநூல்கள் தரும் சில மதிப்புகள்:

- கால்சட்டை, அரைக்கைச் சட்டை: 0.57 குளோ
- கால்சட்டை, முழுக்கைச் சட்டை: 0.61 குளோ
- மேற்கண்டதுடன் கோட்டு: 0.96 குளோ
- அதனுடன் உள்கோட்டும் உள்பனியனும்: 1.14 குளோ
- முழங்கால் அளவுப் பாவாடை, அரைக்கைச் சட்டை: 0.54 குளோ

அமர்ந்த நிலையில் இருப்பவருக்கு 0.1 குளோ கூடினால், அவர் வசதியாக உணரும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 செல்சியசு குறைகிறது என்பது பொதுவான கணக்கு. கோட்டு ஒன்று சேர்க்கும் தடுப்பாற்றல் 0.35 குளோ. ஆகவே கோட்டு அணிந்தவர் விரும்பும் வெப்பநிலை, அணியாதவர் விரும்புவதைவிட ஏறத்தாழ 2 செல்சியசு குறைவாக இருக்கும். பாவாடையும் அரைக்கைச் சட்டையும் அணிந்தவருக்கும், உள்கோட்டோடு முழு உடை அணிந்தவருக்கும் இடையே உள்ள வேறுபாடு 3.6 செல்சியசு. இவ்விருவரும் ஒரே இருக்கையில் அருகருகே அமர்ந்தால், குளிரூட்டியை எந்த அளவில் வைத்தாலும் ஒருவருக்கு வியர்க்கும் அல்லது மற்றவருக்குக் குளிரும்.

கழுத்துப்பட்டி தன்னளவில் சிறிய துணியே. அதன் தடுப்பாற்றல் மிகக் குறைவு. ஆனால் அது கழுத்துப் பட்டனைப் பூட்டி வைக்கிறது. உடலை ஒட்டிச் சூடான காற்று சட்டைக்குள் மேலே எழுந்து கழுத்துத் திறப்பு வழியே வெளியேற முயல்கிறது. அவ்வழியை அடைப்பதால் புழுக்கம் கூடுகிறது. ரீடின் புகைபோக்கி எந்தத் தத்துவத்தில் இயங்கியதோ, திறந்த கழுத்துச் சட்டையும் அதே தத்துவத்தில் இயங்குகிறது.

உடலுழைப்புக் காரணியிலும் ஒரு சிக்கல் உள்ளது. போரிஸ் கிங்மா, வவுட்டர் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட் ஆகிய நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, தரநூல்களில் உள்ள வளர்சிதைமாற்ற அளவு பெண்களின் உண்மையான அளவைவிட 35 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கலாம் எனக் கூறியது. அவ்வாய்வில் பங்கேற்ற இளம்பெண்கள் 16 பேர் மட்டுமே. எனினும், உடையில் மட்டுமன்றி உடற்கூற்றிலும் ஆணையே அளவுகோலாகக் கொண்டது பற்றிய விவாதத்தை அது எழுப்பியது.

பிற நாடுகளில்

சப்பான்

உடை விதியைத் தளர்த்தி ஆற்றலைச் சேமிக்கும் முயற்சியை அரசே முன்னின்று நடத்திய நாடு சப்பான். 1979 எண்ணெய் நெருக்கடியின்போது பிரதமர் மசயோசி ஓகிரா அரைக்கைக் கோட்டு அணிந்து தோன்றினார். மக்கள் அதை ஏற்கவில்லை. 2005 கோடையில் பிரதமர் ஜூனிசிரோ கொய்சுமியின் அரசு 'கூல் பிஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே இதை வழிநடத்தினார். அரசு அலுவலகங்களில் குளிரூட்டிகள் 28 செல்சியசில் வைக்கப்பட்டன. கோட்டும் கழுத்துப்பட்டியும் இல்லாமல் பணிக்கு வரலாம் என அறிவிக்கப்பட்டது. பிரதமரே ஓக்கினாவாத் தீவின் மரபுச் சட்டையில் தோன்றினார்.

இளையவர் கழுத்துப்பட்டியைக் கழற்றினால் மேலதிகாரி மரியாதைக் குறைவாக எண்ணுவார் என்ற தயக்கம் இருந்தது. தலைவர்கள் முதலில் கழற்றியதால் அத்தயக்கம் நீங்கியது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 4.6 இலட்சம் டன் கரியமில வாயு வெளியேற்றம் தவிர்க்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சு மதிப்பிட்டது. கழுத்துப்பட்டி உற்பத்தியாளர்கள் தம் தொழில் நலிவதாக முறையிட்டனர். 2011 புக்குசிமா அணுஉலை விபத்துக்குப் பின் ஏற்பட்ட மின் பற்றாக்குறையில் இவ்வியக்கம் மேலும் விரிவாக்கப்பட்டது.

ஆஸ்திரேலியா

வெஸ்ட்மின்ஸ்டர் மரபைப் பின்பற்றும் ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் சபையில் 1977 இல் சபாநாயகர் பில்லி ஸ்னெடன், நன்கு தைக்கப்பட்ட சபாரி உடையைக் கழுத்துப்பட்டி இன்றி அணியலாம் என ஏற்றார். குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டுக்கு மாற்றாக வெப்ப நாட்டில் எழுந்த உடைக்கு அவையில் இடம் கிடைத்தது.

இந்தியா

இந்திய நாடாளுமன்றம் வெஸ்ட்மின்ஸ்டர் மரபில் பலவற்றை ஏற்றாலும், உறுப்பினர்களுக்குக் கோட்டு என்ற எதிர்பார்ப்பை ஏற்கவில்லை. வேட்டி, குர்தா, புடவை, தலைப்பாகை என அவரவர் வட்டார உடையிலேயே உறுப்பினர்கள் அமர்கின்றனர். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் வேட்டி சட்டையில் அவைக்கு வருவது இயல்பான காட்சி. காற்றோட்டமுள்ள இத்தகைய பருத்தி உடைகள் நாட்டின் தட்பவெப்பத்திற்கு ஏற்றவை.

1927 சனவரி 18 அன்று திறக்கப்பட்ட தில்லியின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் தலைகீழ் மின்விசிறிகளைக் காணலாம். குவிமாடம் மிக உயரமானதால் கூரையிலிருந்து விசிறிகளைத் தொங்கவிட இயலவில்லை. எனவே தரையிலிருந்து எழும் கம்பங்களின் உச்சியில் அவை பொருத்தப்பட்டன. அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று இம்மண்டபத்தில்தான் முதன்முறை கூடியது.

கருத்து வேறுபாடுகள்

உடை ஒழுங்கை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. மக்களின் சார்பாகப் பேசும் இடத்திற்குத் தக்க மதிப்பை உடையால் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். செல்வரும் ஏழையும் ஒரே வகை உடையில் அமர்ந்தால் வேறுபாடு தெரியாது என்றும் கூறுவர். பள்ளிச் சீருடைக்குச் சொல்லப்படும் காரணமும் இதுவே.

எதிர்ப்போர், மதிப்பு என்பது தூய்மையிலும் ஒழுங்கிலும் உள்ளது, கம்பளியின் கனத்தில் இல்லை என்பர். குறிப்பிட்ட வகுப்பைச் சேர்ந்த ஆண்களின் உடை பொதுவான அளவுகோலாக்கப்பட்டதையும், பெண்களுக்கு விதி தெளிவற்று இருப்பதையும் சுட்டுவர். வெயிலில் கோட்டு அணிய வைத்து, அந்தக் கோட்டின் வெப்பத்தைப் போக்க மின்சாரம் செலவிடுவது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும் என்பதும் அவர்கள் வாதம். மக்களிடம் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லும் அவை, தானே அதற்கு எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றனர்.

இன்றைய நிலை

வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் நீராவிக் குழாய்களும் மின்கம்பிகளும் கழிவுக் குழாய்களும் மிகப் பழையன. ரீடும் பாரியும் காற்றோட்டத்திற்காக விட்ட செங்குத்துப் புழைகள் கட்டடம் முழுவதும் ஓடுகின்றன. பிற்காலத்தில் அவற்றுக்குள் கம்பிகளும் குழாய்களும் திணிக்கப்பட்டன. ஓரிடத்தில் தீப்பிடித்தால் அப்புழைகள் வழியே தீயும் புகையும் விரைந்து பரவக்கூடும். 2016 இல் இரு அவைகளின் கூட்டுக்குழு, கட்டடம் பேரழிவைச் சந்திக்கும் ஆபத்தில் உள்ளது என எச்சரித்தது. சீரமைப்புக்காக அரண்மனையைத் தற்காலிகமாகக் காலி செய்யும் தீர்மானத்தைக் காமன்ஸ் சபை 2018 சனவரியில் ஏற்றது.

அச்சீரமைப்பில் புதிய வெப்பமூட்டும், குளிரூட்டும் அமைப்புகளும் இடம்பெற வேண்டியிருக்கும். அவற்றின் அளவைக் கணக்கிடப் பொறியாளருக்கு வேண்டிய முதல் விவரங்களுள் ஒன்று, அவையில் அமர்பவரின் உடை எத்தனை குளோ என்பது. வெப்ப அலைகள் பெருகும் காலத்தில் அதற்கான விடையைத் தருவது உடை விதியை வகுக்கும் சபையே ஆகும்.